குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்து தந்த 'மெட்ராஸ்' டாக்டர்... யார் இந்த சுப்பாராவ்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை நீல நிறத்தில் ஒரு மாத்திரை. ரெண்டிலும் இருப்பது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும்தான். 'சத்து மாத்திரை'ன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர். அதே ஃபோலிக் அமிலத்தின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது பின்வாங்க வைத்த முதல் மருந்தைக் கொடுத்ததும் அவருடைய ஆய்வகம்தான். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை வார்டில் நின்று கவனித்த டாக்டர் அல்ல இவர். ஆனால், அந்த வார்டுகளில் இன்று கொடுக்கப்படும் மருந்துச் சீட்டில் இவருடைய வேலை இருக்கிறது. மூன்று முறை எழுதித்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். மருத்துவப் படிப்பிலும் முழுப் பட்டம் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

வாழைப்பழம் விற்கக் கிளம்பிய பையன்

1895 ஜனவரி 12-ம் தேதி, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். இன்றைக்கு அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம். அப்பா ஜகந்நாதம், அம்மா வெங்கம்மா. ஏழு பிள்ளைகள் இருந்த வீடு, கையில் காசு கிடையாது.

சுமார் 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். எதுக்குத் தெரியுமா? காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறைய சம்பாதிக்கலாம் என்று ஒரு கணக்கு. அம்மா விடவில்லை. பாதியிலேயே பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். அப்பா போன பிறகு பையனின் படிப்பைத் தாங்கிப் பிடித்தவர் வெங்கம்மாதான். மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறை தோற்றார், இரண்டாவது முறையும் தோற்றார். கடைசியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து மூன்றாவது முயற்சியில் தேறினார். அங்கிருந்து மாநிலக் கல்லூரி.

படிப்பு முடிந்ததும் துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேரப் பார்த்தார். அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் மக்களுக்குச் சேவை செய்யலாமே என்று மடத்தில் இருந்தவர்களே வழிகாட்டினார்கள். (விவேகானந்தர் பிறந்ததும் ஜனவரி 12-தான். இது ஒரு தற்செயல்.) அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் வந்தார். தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் பட்டம் பெற்று வெளியே வந்த அதே கல்லூரி.

படிப்புச் செலவுக்கு நண்பர்கள் கொடுத்தார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். பிற்பாடு அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-ல் திருமணம் செய்துகொண்டார்.

ஒரு கதர் அங்கியால் போன பட்டம்

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் அறுவை சிகிச்சை அரங்குக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு ஒரு ஆங்கிலேயர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

ராஜபாளையம் பக்கத்து சத்திரப்பட்டியில் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குள் போகும் துணி என்பது வெறும் தொழில். அன்றைக்கு அந்தத் துணி ஒரு அரசியல் அறிக்கை மாதிரி. எழுத்துத் தேர்வில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது.

இதனால் என்ன ஆச்சு? சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றும் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் ஆசந்த லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தும் வேலைக்குப் போனார். அலோபதி படித்தவர் ஆயுர்வேதக் கல்லூரியில் வாத்தியார். ஆனால், அந்த லட்சுமிபதியுடன் அவருக்கு இருந்த உறவு வெறும் வேலை சம்பந்தப்பட்டது இல்லை.

வீட்டில் நடந்த இரண்டு சாவுகள்

சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம், 'ஸ்ப்ரூ' என்ற வெப்பமண்டல நோய். குடல் கெட்டுப்போய், சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. விடாத வயிற்றுப்போக்கு, எலும்பும் தோலுமாக ஆகிவிடும் உடம்பு, கூடவே கடுமையான ரத்தசோகை. அன்றைக்கு இருந்த மேற்கத்திய மருத்துவத்தில் இதற்குச் சரியான மருந்து இல்லை.

அதே நோய் சுப்பாராவையும் தாக்கியது. அவரைக் காப்பாற்றியது லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்து. கூடப் பிறந்தவர்கள் போய்விட்டார்கள், தான் மட்டும் பிழைத்துவிட்டோம், எதனால் பிழைத்தோம் என்பதும் தெரியவில்லை. ஒரு டாக்டருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்ப்ரூ நோயாளிக்கு வரும் ரத்தசோகைக்கு முக்கியக் காரணம் ஃபோலிக் அமிலம் உடம்பில் சேராததுதான். ஆனால், 1920-களில் ஃபோலிக் அமிலம் என்ற ஒன்று இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது.

வெப்பமண்டல நோய்களைப் பற்றி மேற்கொண்டு படிக்க அமெரிக்கா போவது என்று முடிவெடுத்தார். காக்கிநாடாவில் இருந்த அறக்கட்டளைகள் உதவி செய்வதாகச் சொல்லின. மாமனாரும் பணம் திரட்டிக் கொடுத்தார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். சில வருஷத்தில் வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வரவே இல்லை. பிறந்த ஆண் குழந்தையும் ஒரு வயது ஆவதற்குள் இங்கே இறந்துபோனது. சேஷகிரி கணவரை மறுபடியும் பார்க்கவே இல்லை. சுப்பாராவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால், அந்த ஒரு வரிக்குள் இருப்பது ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை.

ஹார்வர்டில் இரவு வேலை, பகலில் ஆராய்ச்சி

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ படித்தார். பிழைப்புக்கு பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர உதவியாள் வேலை. நோயாளிகளின் படுக்கையைச் சுத்தம் செய்வது மாதிரியான வேலைகள்தான். ஊரில் டாக்டர், அங்கே வார்டு ஊழியர்.

அப்புறம் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்ற பெயரில் உயிர்வேதியியல் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அடுத்து, தசை சுருங்கி விரிய சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'செல்லின் ஆற்றல் நாணயம்' என்று படித்திருப்போமே, அதே ஏ.டி.பி-தான். அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். சுப்பாராவுக்கு 1930-ல் பிஎச்.டி. கிடைத்தது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஃபிஸ்க் பொறாமையால் சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகளை வெளியே வரவிடாமல் செய்தார் என்றும், அதில் சிலவற்றைப் பல வருஷம் கழித்து வேறு ஆட்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும் பின்னாளில் சொன்னவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். அவர் ஃபிஸ்கிடம் பிஎச்.டி. படித்தவர், 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அந்தக் காலத்தில் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

மில் தொழிலாளிப் பெண்களும் ஒரு பாட்டில் ஈஸ்ட் சாறும்

இங்கே கதை கொஞ்ச நேரம் இந்தியாவுக்குத் திரும்புகிறது. ஏன்னா, ஃபோலிக் அமிலத்தின் முதல் தடயம் கிடைத்தது இங்கேதான்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே துணி மில்களில் வேலை பார்த்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மோசமான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. நிறைய பேர் இறந்தார்கள். ராஜபாளையம் மாதிரி நூற்பாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, ஏழை மில் தொழிலாளி வீட்டுச் சாப்பாடும் கர்ப்பிணியின் உடம்பும் எப்படிச் சம்பந்தப்படும் என்று விளக்க வேண்டியதில்லை.

வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். 1931-ல் சென்னையில், இன்றும் பழைய ஆட்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் இப்போதைய கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனையிலும் இருந்தார். அது திருவல்லிக்கேணியில் இருக்கிறது. சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறிய அதே பகுதி. ஆனால், அப்போது அவர் ஹார்வர்டில் இருந்தார்.

வில்ஸ் கண்டுபிடித்தது இதுதான்: 'மார்மைட்' என்று பாட்டிலில் விற்கும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் இந்த ரத்தசோகை சரியாகிறது. அதில் இருக்கும் ஏதோ ஒன்று ரத்த அணுக்களை உருவாக்க உதவுகிறது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று அப்போது தெரியாததால், அவர் பெயராலேயே அதைக் குறிப்பிட்டார்கள். 1941-ல் டெக்சாஸில் ஒரு குழு டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து அந்தப் பொருளைத் துளியளவு பிரித்தெடுத்தது. இலை என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து 'ஃபோலிக்' என்ற பெயர் வந்தது.

கீரையை டன் கணக்கில் அரைத்து உலகத்துக்கே மருந்து கொடுக்க முடியாது. ஆய்வகத்தில் தயாரிக்கத் தெரிய வேண்டும். அந்த வேலையைத்தான் சுப்பாராவ் எடுத்தார்.

16 பேரில் ஒருவராக ஒரு தலைவர்

1940-ல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்துக்குப் போனார் சுப்பாராவ். கொஞ்ச காலத்திலேயே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டறிந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தது. 1946-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் 16 பேரின் பெயர்கள். சுப்பாராவின் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கும். முதல் பெயராகவும் இல்லை, கடைசிப் பெயராகவும் இல்லை.

அதே வருஷம், லெடர்லியில் தயாரான ஃபோலிக் அமிலத்தை டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. அவர்களுடைய ரத்தசோகை சரியாகத் தொடங்கியிருந்தது. சகோதரர்கள் இரண்டு பேரைப் பலிவாங்கிய நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. சுமார் கால் நூற்றாண்டு தாமதமாக.

மருந்தே நோயை வளர்த்தபோது...

இப்போது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே சிட்னி ஃபார்பர் என்று ஒரு நோயியல் நிபுணர். இறந்துபோன குழந்தைகளின் உடலைப் பரிசோதித்துக் காரணம் சொல்வதுதான் அவர் வேலை. அன்றைக்குக் கடும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் இறந்துவிடும். ரத்தம் ஏற்றுவதைத் தவிர டாக்டர்கள் கையில் வேறு எதுவும் இல்லை.

ஃபோலிக் அமிலம் ரத்த அணுக்களை உருவாக்கும் என்று தெரிந்துவிட்டது. எலிகளின் கட்டிகளை அது கட்டுப்படுத்துவது போல ஒரு ஆராய்ச்சி முடிவும் வந்திருந்தது. அப்போ புற்றுநோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே? லெடர்லியில் இருந்து ஃபோலிக் அமில வகை மருந்துகள் ஃபார்பருக்கு வந்தன. கொடுத்துப் பார்த்தார்.

ரத்தப் புற்றுநோய் இருந்த குழந்தைகளுக்கு நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது.

இந்த இடத்தை நிறைய கட்டுரைகள் ஒரு 'திருப்புமுனை' என்று சொல்லித் தாண்டிப் போய்விடும். கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. ஏற்கெனவே சாகக் கிடந்த பிள்ளைகள் அவர்கள். நல்லது நடக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்து நேர்மாறாக வேலை செய்தது. இன்றைக்கு இருப்பது மாதிரி நெறிமுறைக் குழு, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் எல்லாம் அன்றைக்கு ஒழுங்காக வரையறுக்கப்படவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே ஃபார்பர் மீது நிறைய பேருக்கு அதிருப்தி இருந்தது. சாகும் குழந்தையை நிம்மதியாகச் சாகவிடக் கூடாதா என்று கேட்டவர்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஃபார்பர் அந்தத் தோல்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஃபோலிக் அமிலம் இந்த நோய்க்குத் தீனி போடுகிறது என்றால், ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் நோய் பட்டினி கிடக்குமா? தடுக்கும் பொருள் வேண்டுமென்றால் அதைத் தயாரிக்க வேதியியலாளர்கள் வேண்டும். அந்த ஆட்கள் சுப்பாராவின் ஆய்வகத்தில் இருந்தார்கள்.

பூட்டில் சிக்கிய போலிச் சாவி

ஃபோலிக் அமிலத்தைத் தயாரிக்கத் தெரிந்த கைக்கு, அதைப் போலவே தோற்றமளிக்கும் 'போலி'களைத் தயாரிப்பதும் முடிந்தது. மூலக்கூறில் ஒரு இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால் முதலில் டி.என்.ஏ-வை நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தர ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைப் பூட்டு என்றும் ஃபோலிக் அமிலத்தைச் சாவி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் போலிச் சாவி ஒன்றை உள்ளே விட்டால், அது பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். திறக்கவும் திறக்காது, அசல் சாவியை உள்ளே விடவும் விடாது. கட்டுப்பாடில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுநோய் அணுக்களுக்குத்தான் முதல் அடி விழும். ஆனால் வாய், குடல், முடி, நல்ல ரத்த அணுக்கள் என்று வேகமாக வளரும் மற்ற செல்களும் அடிவாங்கும். கீமோதெரபி எடுக்கும் குழந்தைக்கு வாய்ப்புண்ணும் முடி உதிர்வதும் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

முதலில் அனுப்பிய ஒரு பொருள் பெரிதாக வேலை செய்யவில்லை. அடுத்து வந்தது அமினோப்டெரின். சுப்பாராவின் ஆய்வகத்தில் அதைத் தயாரித்த குழுவில் டோரிஸ் சீகர் என்ற பெண் வேதியியலாளர் முக்கியமானவர். 1947 டிசம்பர் கடைசியில், இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஃபார்பர் அதைக் கொடுத்தார். ஏறிக்கொண்டே போன வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நடக்க முடியாமல் கிடந்த பையன் எழுந்து நடந்தான்.

மொத்தம் 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரிடம் தெளிவான முன்னேற்றம். 1948 ஜூன் 3-ம் தேதி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இது வெளியானது. கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற வார்த்தை இருக்கிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஏன்னா, நோய் திரும்ப வந்தது. அந்த இரண்டு வயதுப் பையனும் பிழைக்கவில்லை. கிடைத்தது சில மாதங்கள்தான். ஆனால், மருந்து கொடுத்து ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டுரையை எழுதியவர்கள் 5 பேர். அதில் லூயிஸ் டயமண்ட், குழந்தைகளின் ரத்த நோய்களுக்கான மருத்துவத்தை வளர்த்தெடுத்த முன்னோடி. சுப்பாராவின் பெயர் அந்த ஐவரில் இல்லை.

அதோடு முடியவில்லை

அதே சில வருஷங்களில் அந்த ஆய்வகத்தில் இருந்து வெளிவந்தவை இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் ஒழிப்புக்காக வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை ஞாபகம் இருக்கா? அது 'ஹெட்ரசான்' என்ற பெயரில் 1947-ல் சுப்பாராவின் குழு கொண்டுவந்த மருந்து. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் முதலாவதான ஆரியோமைசின், அவருடைய தலைமையின் கீழ் பெஞ்சமின் டகர் என்ற தாவரவியலாளர் மண் மாதிரிகளில் தேடிக் கண்டுபிடித்தது. அப்போது டகருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. ஓய்வு பெற்ற ஒருவரைக் கூட்டி வந்து இப்படி ஒரு வேலையைக் கொடுத்த ஆய்வகம் அது.

1948 ஆகஸ்டில், ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதம் கழித்து, சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53.

நோபல் பரிசு கிடைக்கவில்லை. இந்தியாவிலும் ரொம்ப நாளைக்கு அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. 1995-ல், பிறந்து 100 வருஷம் ஆனபோது தபால்தலை வெளியிட்டார்கள். ஒரு பூஞ்சைக்கு 'சுப்பாரோமைசஸ்' என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். சித்தார்த்த முகர்ஜி 2010-ல் எழுதிய புற்றுநோய் வரலாற்று நூல் வந்த பிறகுதான் நிறைய பேர் இவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். வெளிச்சத்துக்கு வராததற்கு அவருடைய சுபாவமும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். பட்டம் தராத பேராசிரியர், பதவி தராத பல்கலைக்கழகம், குடியுரிமை தராத சட்டம் என்று வரிசையாக இருக்கும்போது எல்லாப் பழியையும் கூச்ச சுபாவத்தின் மேல் போடுவது சரியில்லை.

இன்றைக்கு அந்த மருந்து எங்கே?

அமினோப்டெரினின் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டும் லெடர்லியில் உருவானதுதான். 1950-களில் இருந்து அது முன்னுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது. மூட்டுவாதம், சொரியாசிஸ் நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் இதையே கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இது பொதுவாக வாரம் ஒரு முறை மட்டுமே. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பக்கவிளைவைக் குறைக்க, மெத்தோட்ரெக்சேட் சாப்பிடாத நாளில் டாக்டர்கள் எழுதித் தருவது என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலம். ஒரே ஆய்வகத்தின் அசல் சாவியும் போலிச் சாவியும் ஒரே மருந்துச் சீட்டில்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் 'ஏ.எல்.எல்.' வகை ரத்தப் புற்றுநோயில், வளர்ந்த நாடுகளில் இன்று 10 பேரில் சுமார் 9 பேர் பிழைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் எல்லா இடத்திலும் அந்த நிலை இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, நடுவிலேயே சிகிச்சையை விட்டுவிடுவது, கிருமித்தொற்று என்று காரணங்கள் நிறைய. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது பெரும்பாலும் மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பத் திரும்பப் போய்வரும் பயணம். சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் நீளும். பஸ் செலவும் போகும் கூலியும் சேர்ந்தே அந்தக் கணக்கில் வரும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும் என்பதால், மருத்துவமனையில் சேரும் முதல் நாளே அங்கிருக்கும் காப்பீட்டு உதவி மையத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

காரணமில்லாமல் நாள்கணக்கில் விடாத காய்ச்சல், வெளிறிப்போவது, அடிபடாமலேயே தோலில் ஊதா நிறத் தடிப்பு, ஈறில் ரத்தம், கால் எலும்பு வலி என்று குழந்தை அழுவது, இவற்றில் எது இருந்தாலும் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையாவது செய்துவிட வேண்டும். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட தேதி 2022 ஜனவரி 12. சுப்பாராவின் பிறந்தநாள். திறப்பு விழாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, தேதி அப்படி அமைந்துவிட்டது.

மருத்துவமனையில் இருக்கும் தீவிர சிகிச்சை முடிந்த பிறகு, ஏ.எல்.எல். வந்த குழந்தைகள் வீட்டிலேயே நீண்ட நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். அதில் இரண்டு மருந்துகள் முக்கியமானவை. வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட். தினமும் இரவில் 6-மெர்காப்டோபியூரின். இரண்டாவது மருந்தை 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். ஆமாம், ஹார்வர்டில் ஃபிஸ்கிடம் பிஎச்.டி. படித்த அதே ஹிட்சிங்ஸ்தான்.